ஏசி குழாய்க்குச் சால்டரிங் சரிப்படாது

"சால்டரிங்கும் பிரேசிங்கும் ஒன்றுதான், ஏசி செம்புக் குழாய்க் கசிவை ஈயம் வைத்து வீட்டிலேயே அடைக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

இரண்டிலும் குழாய் உருகாது, இடையில் விடும் உலோகம்தான் உருகும். குழப்பம் அங்கேதான். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் வரையறைப்படி, அந்த இடை உலோகம் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகினால் சால்டரிங். அதற்கு மேல் என்றால் பிரேசிங். 60/40 ஈயம் (60% வெள்ளீயம், 40% ஈயம் கலந்தது) 190 டிகிரியிலேயே இளகிவிடும். ஏசிக்கான செம்பு-பாஸ்பரஸ் கம்பிக்கு 700க்கு மேல் வேண்டும். கம்பியின் தரவுத்தாளில் பார்க்கலாம்.

ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயு ஓடும் குழாயில், வெயில் நாளில் அழுத்தம் 25 பார் (அழுத்த அலகு) அளவைத் தாண்டும். சூடும் கம்ப்ரசர் அதிர்வும் சேர்ந்தால் ஈய இணைப்பு விரிசல் விடும். அந்த வாயு தீப்பற்றக்கூடியது. அதை முழுதும் வெளியேற்றாமல் கேஸ் டார்ச்சின் தீயைக் குழாயில் பிடிக்கவே கூடாது. பிரேசிங்கிலும் குழாய்க்குள்ளே நைட்ரஜன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கருப்பு ஆக்சைடு உதிர்ந்து கேபிலரி எனும் மெல்லிய குழாயை அடைக்கும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.