திருவாசகம் ஓத நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முற்றோதலில், அதாவது திருவாசகம் முழுவதையும் ஓதும் நிகழ்ச்சியில், நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வராதவர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் கீழே 'சாட்டையடி', 'சரியான கேள்வி' என்று நம்மவர்களே எழுதியதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

காலையில் தொடங்கிய ஓதலுக்குச் சிறப்பு விருந்தினர் மாலை நாலு மணிக்கு வந்தார். சரி, பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம். மைக்கைப் பிடித்து, முன்வரிசையில் ஓத உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவை எழுப்பி, திருவாசகத்தில் வரும் திருவண்டப்பகுதியின் முதல் இரண்டு அடிக்குப் பொருள் கேட்டார். 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்' என்று தொடங்கும் 182 அடி அகவல் அது. உரை எழுதியவர்களே பக்கம் பக்கமாக விளக்குகிற இடம். எவ்வளவு எளிய கேள்வி பாருங்கள்! அந்த அம்மா திகைத்து நின்றார். இவர் சிரித்துக்கொண்டே 'சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்' என்றார். உடனே கைதட்டல்.

ஓதுகிறவரை நிறுத்திவைத்துப் பரீட்சை நடத்த யாருக்கும் உரிமை கிடையாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அவர் எடுத்துச் சொன்ன அந்த அடி திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் முடிகிற இடத்தில் இருக்கிறது, எங்களுக்கும் தெரியும். தினமும் ஓதுகிறோமே. அதே சிவபுராணத்தில் 'அவன்அருளாலே அவன்தாள் வணங்கி' என்றும் இருக்கிறது. வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்கிறார் மாணிக்கவாசகர். பேச்சாளர்களின் அனுமதியும் வேண்டும் என்று எங்கும் பாடவில்லை.

'அப்படியானால் பொருளே வேண்டாமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? ஓத ஓதப் பொருள் வரும் என்கிறேன். சின்ன வயதில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா எங்களை உட்கார வைத்து ஓதச் சொல்வார். எங்களுக்குப் பசி. ஓதி முடிக்கும்போது சொல்லும் கடைசித் 'திருச்சிற்றம்பலம்' எப்போது வரும், எப்போது தட்டு வைப்பார்கள் என்பதுதான் நினைப்பு. ஒரு வரி புரிந்ததில்லை. பல வருடங்கள் கழித்து அதே அப்பாவை ஐசியூவில் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் போய்விட்டார். திருவாசகத்தின் 'குழைத்த பத்து' பகுதியிலிருந்து ஒரு பாட்டு தானாக வாயில் வந்தது. 'நன்றே செய்வாய் பிழைசெய்வாய், நானோ இதற்கு நாயகமே.' அங்கே வைத்துப் புரிந்தது. கையில் உரைநூல் இல்லை, பக்கத்தில் எந்த அறிஞரும் இல்லை. பசியோடு புரியாமல் ஓதிய அந்த இரவுகள் இல்லாவிட்டால் அன்றைக்கு என் வாயில் என்ன வந்திருக்கும்?

வைணவர்களைப் பாருங்கள். ஆழ்வார்கள் பாடிய திவ்யப் பிரபந்தத்தைச் 'சந்தை' என்ற முறையில்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் பாடம் வாயில் ஏறட்டும், வியாக்கியானம், அதாவது உரை விளக்கம், அப்புறம். அவர்களையும் நம் சிறப்பு விருந்தினர் நிறுத்திவைத்துக் கேட்பாரா?

ஒலிபெருக்கிச் சத்தம் என்றொரு புகார். சரி, குறைத்துக்கொள்கிறோம். 'பக்தி வியாபாரம்' என்று எழுதியவருக்கு: எங்கள் முற்றோதலுக்கு டிக்கெட் கிடையாது, சாப்பாடும் இலவசம். வியாபாரம் எங்கே நடந்தது என்று காட்டினால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து தருகிறேன்.

அப்புறம் அந்த ஜி.யு. போப் பேச்சு. வெள்ளைக்காரரே உருகினார், நமக்கு அருமை தெரியவில்லையாம். பாதிரியார் போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், பெரிய காரியம், மறுக்கவில்லை. அவர் கைக்கு வருவதற்கு முன்னால் ஏறக்குறைய ஆயிரம் வருடம் அது யார் வாயில் இருந்தது? ஓதியவர்கள் எல்லாரும் பதவுரை எழுதிக் கொடுத்துவிட்டா ஓதினார்கள்? மார்கழிக் குளிரில் திருவெம்பாவை பாடிய பெண்களும், சாவு வீட்டில் சிவபுராணம் ஓதியவர்களும் புரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு மேடையில் பேச அந்த விருந்தினருக்குத் தலைப்பே இருந்திருக்காது.

அந்த அம்மா யாரென்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். எழுத்தே மறந்துபோய், பெரிய எழுத்துத் திருவாசகத்தை வைத்துத்தான் மறுபடியும் வாசிக்கப் பழகினார். இன்றைக்கு அதில் வரும் நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டையும் புத்தகம் பார்க்காமல் சொல்வார். சிறப்பு விருந்தினர் அதில் எத்தனை சொல்வார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு மரியாதை தெரியும்.

அவர் மேல்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை, வெளியாள். கைதட்டினவர்கள் நம் ஆட்கள். இந்தப் பதிவையும் படிப்பீர்கள், தெரியும். விடியற்காலையில் வந்து அந்த அம்மா நறுக்கிக் கொடுத்த காயில் வைத்த சாம்பாரைத்தானே மதியம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்? அவர் தலை குனிந்து உட்கார்ந்தபோது உங்களில் ஒருவர்கூட எழுந்து 'ஐயா, போதும்' என்று சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தத்தான் எழுந்தீர்கள்.