‘என்ன ஆகுமோ’ வேறு, ‘என்ன ஆனா என்ன’ வேறு

பதற்றம் வேறு, மனச்சோர்வு வேறு என்பது போன வருசத்துக்கு முந்தின பிள்ளையார் நோன்பு அன்றைக்குத்தான் எனக்கு முதலில் லேசாக உறைத்தது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பெரியாத்தா வீட்டுக்கு இழை எடுத்துக்கொள்ளப் போயிருந்தோம். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்குகிற நோன்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த மாவைப் பிசைவது பெரியாத்தாதான். வெல்லம் எவ்வளவு, நெய் எவ்வளவு என்று வேறு யாரையும் கிட்டே விட மாட்டார். அன்றைக்கு, "நீங்களே பிசைஞ்சுக்கங்கத்தா, எனக்கு ஒண்ணும் ஓடலை" என்று சொல்லிவிட்டு வீட்டின் உள்முற்றமான வளவில் தூணோரமாக உட்கார்ந்துவிட்டார். வந்திருந்த ஆச்சிமார் எல்லாரும் சொன்னது ஒன்றே: "வயசாச்சுல்ல."

அதே நேரத்தில் அவர் தங்கை, எங்க ஆத்தா, முகப்பில் நின்று சிங்கப்பூருக்கு ஆறாவது தடவையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி எடுக்கவில்லை. ஆத்தாவுக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. வீடே ஆத்தாவைச் சுற்றி நின்றது. ஒருவர் விசிறுகிறார், ஒருவர் சுக்குத் தண்ணி கொண்டுவருகிறார், நான் தம்பியின் கூட்டாளி நம்பரைத் தேடுகிறேன். தூணோரம் இருந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டில் ஒரே பேர்தான் வைத்திருந்தோம். ‘டென்ஷன்’. பக்கத்தில் இருந்த ஒரு டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வருசக்கணக்கில் ஓடியது அந்தச் சீட்டு. பென்சோடயசெபைன் வகை மாத்திரை அது. பதற்றத்தைச் சில நாளைக்குத் தணிக்கும், நாள்பட்டால் அது இல்லாமல் இருக்க முடியாத பழக்கமாகிவிடும், மனச்சோர்வைக் குணப்படுத்தாது, வயதானவர்களைத் தள்ளாட வைக்கும். ஒரு நாள் ராத்திரி எழுந்தபோது பெரியாத்தா ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது. அதற்குப் பிறகுதான் ஒரு மனநல மருத்துவரிடம் இருவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டரம்மா இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார். ஆத்தா சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் ‘என்ன ஆகுமோ’ என்று முடிந்தது. அவனுக்கு அங்கே என்ன ஆகுமோ, எனக்கு நெஞ்சடைச்சுதுன்னா என்ன ஆகுமோ, பேத்தி பரீட்சை என்ன ஆகுமோ. பெரியாத்தாவிடம், "உங்களுக்கு எதை நினைச்சாவது பயமா இருக்காம்மா?" என்று கேட்டார். பெரியாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பயமெல்லாம் இல்லைங்க. இனிமே என்ன ஆனா என்ன?"

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் புரிந்துகொண்டது அந்த ஒரு பதிலில்தான். பதற்றம் நாளையை விடாமல் பிடித்துக்கொண்டு உலுக்குகிறது. மனச்சோர்வில் நாளை என்பதே கையை விட்டுப் போய்விடுகிறது. நாமோ இரண்டையும் சேர்த்து ‘மன அழுத்தம்’ என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். வேலை நெருக்கடிக்கும் அதே சொல். கட்டின மூட்டையைப் பார்த்து மருந்து சொன்னால் யாருக்குப் பொருந்தும்?

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ரெண்டு பேருக்கும் தூக்கமில்லை" என்றுதான் நாங்கள் எல்லா டாக்டரிடமும் சொல்லி வந்தோம். உண்மையில் ஆத்தாவுக்குப் படுத்தால் தூக்கம் பிடிக்காது, பன்னிரண்டு ஒன்று வரை புரளுவார். பெரியாத்தா ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், விடியும்வரை மச்சைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். காலைப் பொழுதுதான் அவருக்கு மிகக் கனமான நேரம். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாகும். சொந்தக்காரர்கள் பார்க்க வருவதோ சாயங்காலம். வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பேசுறாக" என்று போய்விடுவார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் சோர்வு முற்றியவர்களிடம் அடிக்கடி காணப்படும் அடையாளம் இது என்றார் மருத்துவர். காலை ஆறு மணிக்கு யாராவது போய்ப் பார்த்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும்.

மருத்துவர்கள் ஒரு கால அளவு வைத்திருக்கிறார்கள். மனம் சோர்ந்து, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல், கிட்டத்தட்ட எல்லா நாளும், நாளின் பெரும்பொழுதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கூடவே கெட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கட்டுக்கடங்காத கவலை ஆறு மாதம் தொடர்ந்து, உடம்பு முறுக்கிக்கொண்டு, எரிச்சலும் களைப்புமாக இருந்தால் அது பதற்ற நோய். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. வருசக்கணக்காகப் பதறிப் பதறி ஓய்ந்துபோன மனசு சோர்வில் விழுவது அபூர்வமில்லை. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் இதே முகத்தோடு வரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஆத்தாவுக்கு இதயப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, பழுதில்லை. வயதானவர்களுக்குச் சோர்வு அழுகையாக வராமல் மூட்டு வலியாக, மறதியாகக்கூட வரும். பெரியாத்தாவுக்கு மறதி நோய் என்றே நாங்கள் பாதி முடிவு கட்டியிருந்தோம்.

இரண்டு பேருக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைதான் எழுதினார்கள், சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பொதுவாகக் கொடுக்கிற மருந்து அது. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?" என்று என் சித்தப்பா கேட்டார். மருந்து ஒன்றாக இருக்கலாம், மருந்தைத் தவிர்த்த மற்றதெல்லாம் வேறு. ஆத்தாவுக்குச் சொன்னது: போன் எடுக்கலைன்னா உடனே திரும்பப் போடாதீங்க, அரை மணி பொறுங்க, அந்தப் பதற்றம் தானாக ஏறித் தானாக இறங்குவதை உட்கார்ந்து பாருங்க. இத்தனை வருசமும் ஆத்தா பதறும்போதெல்லாம் ஓடிப்போய் யாரையாவது பிடித்துப் பேச வைத்து ஆற்றியது நான்தான். அது அன்பு என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் ‘பயந்தது சரிதான்’ என்று அவர் மனசுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பெரியாத்தாவுக்குச் சொன்னது நேர் எதிர். பொறுக்கச் சொல்லவில்லை, செய்யச் சொன்னார்கள். ஆசை வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் ஆசை வராது. கொஞ்சமாகச் செய்தால் பின்னாலேயே வரும். ஓலைக் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, முடைவதில் பெரியாத்தா கைக்கு ஈடு கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான் கணக்கு. நாங்கள் இரண்டு வருசமாக என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? "நீங்க ஒண்ணும் செய்யாதீக, படுத்து ரெஸ்ட் எடுங்க." பதறுகிறவரை ஓட விட்டோம், சோர்ந்தவரைப் படுக்க வைத்தோம்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு என்பது என் எண்ணம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்ய, நம் பேச்சில் ‘கொண்டுவிக்க’, போன ஆண்கள் மூன்று வருசக் கணக்கை முடித்துத் திரும்பும்வரை வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் ‘சமர்த்து’ என்று பேர் வைத்துப் பழகிவிட்டோம். அதனால் சத்தம் போடுகிற பதற்றத்துக்காவது ஒரு டம்ளர் சுக்குத் தண்ணி கிடைக்கிறது. சத்தமில்லாத சோர்வுக்கு, "எவ்வளவு அடக்கமா இருக்காக" என்ற பாராட்டு கிடைக்கிறது. இந்தப் பாராட்டை எங்கே கேட்டாலும் இப்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

"வெளியே தெரிஞ்சா பேத்திக்கு இடம் பார்க்கையில என்ன சொல்லுவாக?" இதையும் கேட்டார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில் பதற்ற நோய் 30.1 கோடிப் பேருக்கு, மனச்சோர்வு 28 கோடிப் பேருக்கு. பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டிலும் ஒருவர் தூணோரம் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. ‘என்ன ஆனா என்ன’ என்று பேசுகிறவரிடம், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்பது தவறான பயம். நான் கேட்டேன். பெரியாத்தா, "தோணுச்சுத்தா. ஒருத்தரும் கேக்கலை" என்றார். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை அது, இலவசம், எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. மாத்திரை வேலை செய்ய நாலைந்து வாரம் பிடிக்கும். நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆத்தா ஒரு தடவை அப்படி நிறுத்தி, தலைசுற்றலும் படபடப்புமாக ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆத்தா இப்போதும் பயப்படுவார். ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரை மணி பூத் தொடுக்கிறார். பெரியாத்தாவுக்கு நல்ல நாளும் இருக்கிறது, எழுந்திருக்கவே மாட்டாத நாளும் இருக்கிறது. நேற்றுப் போனபோது பாதியில் நின்ற கொட்டானை மடியில் வைத்திருந்தார். "சேப்பு ஓலை தீர்ந்துபோச்சு. காரைக்குடிக்குப் போனா வாங்கியா" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் போகிறேன்.