ரைலியை விட்டுவிட்டீர்களே
கடலியல் பேராசிரியர் ஒருவரின் பணியைச் சொல்லும் உங்கள் கட்டுரை, கடலோர உயிர்ச்சூழலைக் கணக்குக்குள் கொண்டுவந்ததே கணினிதான் என்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலியலாளர் கோர்டன் ரைலி 1946-லேயே இதைச் செய்துவிட்டார். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஜார்ஜஸ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடல் திட்டில் தாவர மிதவை உயிரிகள் (நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகள்) வருடம் முழுக்க எப்படிப் பெருகிக் குறைகின்றன என்பதற்கு அவர் எழுதியது ஒரே சமன்பாடு: ஒளிச்சேர்க்கையில் வரும் வரவு, சுவாசத்துக்குப் போகும் செலவு, அப்புறம் விலங்கு மிதவைகள் (நீரில் மிதக்கும் சிறு விலங்குகள்) மேய்ந்துவிடுவது. கப்பலில் போய் அளந்த அளவுகளோடு அது நன்றாகவே பொருந்தியது. எவ்வளவு பெரிய சாதனை! இன்றைய கணினி மாதிரிகளுக்கும் எலும்புக்கூடு அதுதான். கணினி வந்து சேர்த்தது நீரோட்டத்தை. சரி, அதுவும் சின்ன விஷயமில்லை. 'இயற்பியல் படித்தவருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்' என்று அந்தப் பேராசிரியரைப் பற்றி ஒரு நண்பர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். நீரோட்டம் இயற்பியல்தான்; அது மீனை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு அதே திட்டையே பாருங்கள். அங்கே நீர் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. காட், ஹேடாக் மீன்களின் இளங்குஞ்சுகள் நீந்தத் தெம்பில்லாமல் அதோடு மிதக்கின்றன. பலத்த காற்று அவற்றைத் திட்டைத் தாண்டி ஆழ்கடலுக்குத் தள்ளிவிட்டால் அவ்வளவுதான், பிழைப்பது அரிது. கடலியலாளர் சாங்ஷெங் சென் குழு 2003-இல் வெளியிட்ட எஃப்விகாம் (FVCOM) என்ற நீரோட்டக் கணினி மாதிரி கடலை முக்கோண வலையாகப் பிரிக்கிறது; வளைந்து நெளியும் கரையோரத்தில் முக்கோணங்களைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். குஞ்சுகள் எந்தப் பக்கம் போகும் என்று தேடுவதற்கு அந்த நுணுக்கம் வேண்டும்.