பங்க் பெட்ரோலுக்கு எவ்வளவு கம்ப்ரஷன் போதும்?

என்ஜின் கட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் கம்ப்ரஷன் ரேஷியோ எவ்வளவு, அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற பேச்சு வந்துவிடும். பதினொன்று, பதினொன்றரை என்பவருக்குத்தான் மரியாதை. அந்த என்ஜினில் என்ன பெட்ரோல் ஊற்றப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

நான் முதலில் கட்டிய என்ஜினுக்கு 11.5 வைத்தேன். ஊற்றியது 91 ரான் பெட்ரோல் (ரான் என்பது ஆக்டேன் எண்; அது கூடினால் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்வது குறையும்). வெயில் நேரத்தில் ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்தால் உள்ளே கூழாங்கல் உருளுகிற சத்தம் கேட்கும். ஸ்பார்க்கின் தீ வந்து சேரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நாக்கிங் அதுதான். ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளியே ஓட்டினேன். ஒரு நாள் புகை வந்தது. பிரித்துப் பார்த்தால், பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்பு உடைந்து கிடந்தது.

இத்தனைக்கும் கிடைக்கிற லாபம் எவ்வளவு? ஏட்டுக் கணக்கில், 9-லிருந்து 10-க்குப் போனால் திறன் சுமார் 3 சதவீதம் கூடும். 10-லிருந்து 11-க்கு இரண்டரை. மேலே போகப் போக லாபம் சுருங்கும், நாக்கிங் ஆபத்தோ கூடிக்கொண்டே போகும். நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கை அஞ்சாறு டிகிரி குறைத்தால் அந்த இரண்டரை சதவீதமும் போய், கையில் இருந்ததும் போகும்.

அப்புறம், காகிதத்தில் எழுதுகிற ரேஷியோ மட்டுமே என்ஜின் உணர்கிற ரேஷியோ இல்லை. பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அது மூடிய பிறகுதான் காற்று உண்மையில் அமுங்கத் தொடங்கும். 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 143 மி.மீ. கனெக்டிங் ராட் உள்ள என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷியோ 10. பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகு கிராங்க் 60 டிகிரி சுழன்றதும் வால்வு மூடினால், என்ஜின் உண்மையில் உணர்கிற டைனமிக் ரேஷியோ சுமார் 8.3. பெரிய கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) போட்டு 70 டிகிரியில் மூடினால் சுமார் 7.6 தான். வால்வு எப்போது மூடும் என்று சொல்லும் கேம் கார்டைப் பார்க்காமல் பிஸ்டன் வாங்காதீர்கள் என்று நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான். ரேஸ் கேமோடு 11 வைத்தவர் பங்க் பெட்ரோலில் நிம்மதியாக ஓட்டுவார். அதைப் பார்த்து ஸ்டாக் கேமோடு, அதாவது கம்பெனி கேமோடு 11 வைக்கிறவர் மாட்டிக்கொள்வார்.

ஸ்குவிஷ் இடைவெளியும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தும், இதே அளவு முக்கியம். 86 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), ஒரு சிலிண்டருக்கு 500 சிசி என்றால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டை அரை மி.மீ. மெல்லியதாக்கினாலே ரேஷியோ 10-லிருந்து 10.5-க்கு ஏறிவிடும். ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 1 மி.மீ. அளவுக்கு இடைவெளி நெருங்கினால் கலவை நன்றாகக் கலங்கி வேகமாக எரியும், ஓரத்தில் தானாகப் பற்றிக்கொள்ள நேரம் குறையும். அதனால், நாக்கிங்குக்குப் பயந்து தடித்த கேஸ்கெட் போட்டு ரேஷியோவைக் குறைப்பது பல நேரம் எதிர்பார்த்த பலனைத் தராது. பிஸ்டன் தலையில் இருக்கும் குழியை (டிஷ்) பெரிதாக்கி ரேஷியோவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஸ்குவிஷ்ஷைத் தொடாதீர்கள்.

"மாஸ்டா கார் கம்பெனி ஸ்கைஆக்டிவ் என்ஜினில் 14 வைத்தானே?" என்று கேட்பார்கள். வைத்தார்கள்தான். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் நீண்ட 4-2-1 எக்ஸாஸ்ட் சூடான மிச்ச வாயுவை வெளியே இழுக்கிறது. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் 14 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

சரி, என் கணக்கு இதுதான். டர்போ இல்லாத, ஸ்டாக் கேம் உள்ள என்ஜின்களுக்கு மட்டும். காற்றில் குளிரும் இரண்டு வால்வு என்ஜின், 91 ரான் பெட்ரோல் என்றால் 9-ஐத் தாண்ட மாட்டேன். தண்ணீரில் குளிரும் நான்கு வால்வு அலுமினிய ஹெட், பெட்ரோலை வால்வுக்கு வெளியே தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன், 95 ரான் என்றால் 10 முதல் 10.5 வரை. நாக்கிங்கை உணர்ந்து டைமிங்கைக் குறைக்கும் நாக் சென்சார் இருக்கிறதே என்று அதற்கு மேல் போக மனம் வராது. அது ஆபத்தைத் தவிர்க்கத்தான், டைமிங்கைப் பறிகொடுத்தபடியே தினமும் ஓட்டுவதற்கு அல்ல.

எந்த எண்ணை எடுத்தாலும் ஹெட்டை மூடுவதற்கு முன் எரியறையில் ப்யூரெட்டால் (அளவுக் குழாய்) திரவம் விட்டு சிசி அளந்துவிடுங்கள். பிஸ்டன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ரேஷியோ, அவர்கள் மனதில் வைத்திருக்கும் ஹெட்டுக்கானது. உங்கள் ஹெட்டை ஏற்கெனவே ஒருவர் இழைத்து எரியறையைச் சிறிதாக்கியிருக்கலாம்.