கம்பு வச்சிருக்கவன் யோசிக்கக் கூடாதா?

மூணு வாரமா எங்க மதினி வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தைதான்: "அடிக்கேன்."

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி: ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை நடத்துவது நான். பொதிகை மலையடிவாரத்தில் ஒரு பாழுங்கோட்டை, அதற்குள் என்னென்னமோ இருக்கிறது. அதை இங்கே சொன்னால் அடுத்த வாரம் மாடியில் சண்டை வரும்.

முதல் நாளே மதினி தெளிவாகத்தான் கேட்டார்: "எனக்கு மந்திரக்காரி வேணும்." நான் பெரிய இவன் மாதிரி, "புதுசா ஆட வாறிய, வாளை எடுத்துக்கிடுங்க மதினி, லேசா இருக்கும்" என்று ஃபைட்டரை, அதாவது சண்டைக்காரப் பாத்திரத்தை, அவர் தலையில் கட்டினேன். லேசாகத்தான் இருந்தது. மூணாவது வாரம் அவர் முறை வருவதற்குள் கால் கிலோ அவரைக்காயை நறுக்கி முடித்திருந்தார்.

இன்னொருத்தன் என் அக்கா மகன். பள்ளிக்கூட நாளிலிருந்து சிலம்பம் சுற்றுகிறவன், ஆசைப்பட்டு ஃபைட்டரை எடுத்துக் கையில் கம்பு வைத்துக்கொண்டான். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டார்களே, அந்த விதிகளை வைத்துத்தான் ஆடுகிறோம். அதில் ஃபைட்டருக்குக் கிளை ஒன்றே ஒன்று, சாம்பியன். மூன்றாம் லெவலில் சாம்பியனுக்குக் கிடைக்கும் வரம் என்ன தெரியுமா? பகடையில் 20 விழுந்தால்தான் பலத்த அடி என்பது மாறி, இனி 19 விழுந்தாலும் உண்டு. அவ்வளவுதான். இதில் அவன் தீர்மானிக்க ஒன்றுமில்லை, பகடை பார்த்துக்கொள்ளும். அதே மூன்றாம் லெவலில் விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, புத்தகத்தில் பத்து மந்திரம். அறிவு எண் 16 இருந்தால் அதில் ஆறைத் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். எதை, எப்போது, யார் மேல் என்று ஒவ்வொரு முறையும் யோசனை.

"மாமா, நெசத்துல கம்பு சுத்தும்போது காலடி எங்கன வைக்கணும், எவன் எந்தப் பக்கம் வாரான்னு ஓடிக்கிட்டே இருக்கும். அதுல பாதிகூட இதுல இல்லையே?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த விஷயத்தில் வழக்கமாக நடக்கும் வாதம், பாத்திரங்கள் எளிமையாக இருக்கணுமா, விரிவாக இருக்கணுமா என்பது. எனக்கு அந்தச் சண்டையே வேண்டாம். எளிமை தேவைதான். எங்கள் கூட்டத்திலேயே ஒரு அண்ணாச்சி வாரம் முழுக்கக் கடையில் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறவர். பகடையை உருட்டிச் சிரித்துவிட்டுப் போனால் போதும் அவருக்கு. அவரிடம் ஆறு மந்திரத்தைத் தயார் பண்ணச் சொன்னால் அடுத்த வாரம் வரமாட்டார். சாம்பியன் அவருக்கென்றே தைத்த சட்டை. என் கேள்வி வேறு. எளிமையை எதற்கு எப்போது பார்த்தாலும் வாள்காரன் கையிலேயே கொடுக்கிறார்கள்? விரிவை ஏன் மந்திரவாதி மடியிலேயே கட்டுகிறார்கள்? மந்திரக்காரியாக ஆசைப்பட்டு, கணக்கு வழக்கு வேண்டாம் என்பவர் எங்கே போவார்?

1974இல் இந்த ஆட்டம் வந்தபோது பாத்திர வகை மூன்றுதான்: சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு. அப்போதே லெவல் ஏற ஏற மந்திரவாதிக்குப் புதுப்புது மந்திரம், சண்டைக்காரனுக்குப் பெரிய பெரிய எண். 2008இல் வந்த நான்காம் பதிப்பு ஃபைட்டருக்கும் விசார்டைப் போலவே பலவகை வித்தைகளைக் கொடுத்தது. உடனே எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள் என்று கூப்பாடு. 2010இல் மறுபடி லேசான ஃபைட்டர்களைக் கொண்டுவந்தார்கள். 2014இல் சாம்பியனோடு பேட்டில் மாஸ்டர் என்றொரு கிளையும் வந்தது, காலைத் தட்டிவிட, ஆயுதத்தைப் பறிக்க. அது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் இலவச விதிகளில் அது கிடையாது.

விதியைக் கூட்டினால் யோசனை கூடிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எங்க ஆச்சி திண்ணையில் கரிக்கட்டையால் ஆடு புலி ஆட்டம் கீறுவாள். புலி மூணு, ஆடு பதினஞ்சு. ஆட்டுக்கு நகரத்தான் தெரியும், புலிக்குத் தாண்டி வெட்டவும் தெரியும். கணக்குப் பார்த்தால் புலிக்குத்தான் விதி கூட. ஆனால் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் புலியைக் கொடுத்துவிட்டு ஆட்டை ஆச்சி வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் முதுகுக்குப் பின்னால் இடம் காலியா என்று பார்த்துப் பார்த்து வைக்கணும், ஒன்று பிசகினால் போச்சு. விதி குறைச்சல், யோசனை கூட. சாம்பியனுக்கு விதியும் குறைச்சல், யோசனையும் குறைச்சல். அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இதற்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, அதன் வழியில் 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்கிற வேறொரு ஆட்டம், இரண்டிலும் ஃபீட் என்று மூட்டை மூட்டையாக விருப்பத்தேர்வுகள். வீட்டில் ராத்திரி உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பாத்திரத்தைச் செதுக்கலாம். செதுக்கி முடித்து மாடிக்கு வந்தால் பெரும்பாலும் மறுபடி "அடிக்கேன்"தான், என்ன, எண் பெரிசு. யோசனையெல்லாம் ஆட்டத்துக்கு முன்னாலேயே செலவாகிவிடுகிறது. மதினி தையல்காரி. இதைக் கேட்டுவிட்டு, "அளவு எடுத்துக்கிட்டே இருந்தா என்னைக்கு உடுத்த?" என்றார்.

நாலாவது வாரம் மாற்றினேன். மதினிக்கு மந்திரக்காரி, ஆனால் பத்து மந்திரம் கிடையாது, ஒரு அட்டையில் மூன்றே மூன்று. தூங்க வைப்பது, குறி தப்பாத அம்பு, கேடயம். மருமவனுக்கு 2024 பதிப்பிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைக் கடன் வாங்கினேன். அதில் ஆயுதத்துக்கு ஆயுதம் தனி வித்தை உண்டு, கம்பு பட்டால் எதிரி தடுமாறிக் கீழே விழலாம். ஒரு வரி விதிதான். இப்போது யாரை விழத்தட்டினால் யாருக்கு வசதி என்று மாடியில் பாதி நேரம் அவன்தான் வாய் ஓயாமல் திட்டம் போடுகிறான். அண்ணாச்சி அதே சாம்பியன், அதே சிரிப்பு.

மதினி இப்போது அவரைக்காயைக் கீழேயே நறுக்கிவிட்டு வருகிறார். வருகிற ஞாயிறு ஐந்தாம் லெவல். அட்டையில் நாலாவதாக ஃபயர்பால் வேணுமாம், எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டார். அதற்கு ஆறுமுகப் பகடை எட்டு உருட்டணும். எங்களிடம் இருப்பது மூன்று. வீட்டில் பழைய லூடோ பெட்டி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.