ஆபத்து வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு
பொட்டுகள் போடும் தொற்றுக் காய்ச்சலான ருபெல்லா மூன்று நாளில் தானாக மாறிவிடும் என்கிறது ஒரு கட்டுரை. காய்ச்சல்காரருக்கு அது சரி. கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் தாய்க்குத் தொற்றினால் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு வரலாம். ருபெல்லா வந்தவருக்குக் காதுக்குப் பின்னால் நெறி கட்டும், முகத்திலிருந்து இளஞ்சிவப்புப் பொட்டுகள் கீழே இறங்கும். பொட்டு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். தோட்டத்தில் நெருக்கமாக வாழும் லயக் காம்பராவில், பொட்டு தெரிந்த பிறகு ஒதுங்கி என்ன பயன்?

ருபெல்லாவைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி இலங்கையில் 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. ஒருநாள் பேர் (வேலைநாள் சம்பளம்) போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே, ஊசி போட்டிருக்கிறதா என்று கிளினிக் கொப்பியைப் பாருங்கள். போடாத பெண் ஊசி போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி, அதனால் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. பிள்ளை பிறந்தபின் போடலாம், பால் கொடுத்தாலும் பரவாயில்லை.