வான்கதவு திறந்தால் நாடு முழுக்க நீர்மின்சாரமா?

"மலையகத்தில் நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழியுது, இலங்கைக்கு நீர்மின்சாரமே போதும், நிலக்கரி வாங்குறது வெறும் கொள்ளை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொரு மழைக்கும் சுற்றுகிறது. இது தவறு.

பெரிய நீர்மின் நிலையங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் 1,500 மெகாவாட்தான் வரும். அதில் பெரியதான விக்டோரியாவின் பங்கு 210. இரவு உச்சநேரத் தேவையோ 2,500 மெகாவாட்டைத் தாண்டுகிறது. அப்புறம், வான்கதவு, அதாவது அணை நிரம்பினால் மிகை நீரை வெளியேற்றத் திறக்கும் கதவு வழியாகப் பாயும் தண்ணீர் டர்பைனுக்குள் போவதே இல்லை, அதனால் கதவு திறந்த படத்தைக் காட்டி மின்சாரம் மிச்சம் என்று சொல்வதில் பொருளில்லை. மகாவலி நீரை மின்சாரத்துக்காக நினைத்தபடி திறந்துவிடவும் முடியாது, கீழே பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் காத்திருக்கிற வயல்கள் இருக்கின்றன, அந்த விவசாயிகளை இந்தச் செய்தி மறந்தே விடுகிறது.

ஒருகாலத்தில் நாடு ஏறக்குறைய நீரையே நம்பியிருந்தது உண்மைதான். 1996இல் மழை பொய்த்ததும் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் வந்ததன் பின்னணியில் அந்த அனுபவமும் உண்டு. நிலக்கரி வேண்டாம், சூரிய சக்தியும் காற்றும் வேண்டும் என்று கேட்பது நியாயமான விவாதம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பொய்க் கணக்கை வைத்துக் கேட்கக் கூடாது.

மின்சார சபையின் ஆண்டுப் புள்ளிவிவரங்களில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.